கர்ச்சீப் போட்ட இடம்

அங்க உட்காராதீங்க சார். கர்ச்சீப் போட்டிருக்கேன் பாருங்க. அதுலயும் வேணாம், அதுலயும் கர்ச்சீப் இருக்கு. இதோ, எதிர் சீட்ல ஓரமா ஒரு இடம் காலி. அது யாருக்கும் இல்ல. தாராளமா உட்காருங்க.

ரயில்ல இடம் போடக் கூடாதுன்னு சொல்லப் போறீங்க. தெரியும் சார். இருபத்திரண்டு வருஷமா ஜனங்க சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க, நானும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். அரக்கோணத்துல ஏறுறவன் நான் ஒருத்தன்தான். அவங்க மூணு பேரும் வழியில ஏறுறவங்க. நான் இடம் போடலேன்னா சென்ட்ரல் வரைக்கும் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

உங்களை இந்த வண்டியில பார்த்ததே இல்லையே. புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா? திருவள்ளூர் தாமோதரனைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? நிச்சயமா? கோவிச்சுக்காதீங்க, கேட்டு வச்சேன். இப்பல்லாம் யாரைப் பார்த்தாலும் கேட்டு வச்சிக்கிறேன்.

தெரியாதுன்னா நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு சாட்சி வேணும் சார். பெருசா ஒண்ணும் இல்ல, நீங்க பாட்டுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தாப் போதும். இன்னைக்கு ஒரு விஷயம் எனக்குத் தெரிஞ்சாகணும். நான் அவங்களுக்கு சிநேகிதனா, இல்ல இந்தக் கர்ச்சீப்பா?

அந்த நீலக் கர்ச்சீப் தாமோதரனுக்கு. திருவள்ளூர்ல ஏறுவான். பாரிமுனையில ஒரு அச்சாபீஸ்ல வேலை. உங்க பக்கத்துல இருக்கே கட்டம் போட்டது, அது கௌஸ் பாய்க்கு. திருநின்றவூர். பெரியமேட்டுல தோல் ஏற்றுமதி பண்ற கம்பெனி. இந்த வெள்ளை ஞானப்பிரகாசத்துக்கு. ஆவடியில ஏறுவாரு. ஒரு ஹார்டுவேர் கடையில கணக்குப்பிள்ளை. இவ்வளவுதான் சார் என் சிநேகிதக் கூட்டம். ஊர்ல எனக்கு வேற ஆள் கிடையாது. சொந்தக்காரங்க இருக்காங்க, அது வேற.

இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போனதில்ல. தாமோதரன் பொண்ணு கல்யாணத்துக்குப் போனோம், மண்டபத்துக்கு. ஞானத்தோட சம்சாரம் இறந்தப்போ கல்லறைக்குப் போனோம். வீடு எங்க இருக்குன்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக்க மாட்டோம். வண்டி லேட்டுன்னா மட்டும் ஒரு போன். என் வீட்டுக்காரி கேக்கிறா, "இவ்வளவு சந்தேகம் இருந்தா ஒருத்தருக்காவது போன் போட்டு நேரா கேட்டுட வேண்டியதுதானே?"ன்னு. போன்ல என்னத்தைப் பேசுறது சார்? எங்களுக்கு ஓடுற வண்டியில பேசித்தான் பழக்கம்.

ஞானம் சம்சாரம் போனாங்கன்னு சொன்னேனே, அடுத்த திங்கக்கிழமை மனுஷன் வழக்கம்போல ஆவடியில ஏறிட்டாரு. நான் எந்திரிச்சு இந்த ஜன்னலோரத்தைக் குடுத்தேன். நாலு மாசம் நான் நடுவுல உட்கார்ந்து வந்தேன். ஒருநாள் அவராவே, "சார், உங்க இடத்துக்கு வாங்க"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. இப்படியாப்பட்ட ஆளுங்களைத்தான் சார் நான் சந்தேகப்படுறேன். சும்மா படுவேனா?

திருவாலங்காடு வந்துடுச்சு. திருவள்ளூர் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். நான் மே மாசத்தோட ரிடையர் ஆயிட்டேன். அரசாங்க ஆபீஸ், சூப்பிரண்டெண்ட் போஸ்ட். ஆபீஸ்ல மாலை போட்டு, வேன் வச்சு, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. ஆனா இவங்க மூணு பேருக்கும் தெரியாது. சொல்லல. தலைக்குச் சாயம் போட்டிருக்கேன், வயசு தெரியாது.

ஏன் சொல்லலேன்னா, எங்க வண்டிக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. ரிடையர் ஆகுறவருக்குப் பெட்டியிலயே சால்வை போர்த்தி, கேசரி குடுத்து, கைதட்டி அனுப்புவோம். மறுநாள்லேர்ந்து அந்த இடம் அடுத்த ஆளுக்கு. மாசிலாமணின்னு ஒருத்தர் இருந்தாரு, திருவள்ளூர்க்காரர். அப்படித்தான் அனுப்பினோம். அடுத்த வாரம் எங்களைப் பார்க்கிறதுக்குன்னே பிளாட்பாரத்துல வந்து நின்னாரு. கையாட்டினோம். மறு வாரமும் வந்தாரு, கையாட்டினோம். மூணாவது தடவை வந்தப்போ சீட்டாட்டம் மும்முரமா நடந்துக்கிட்டிருந்தது. யாரும் தலையைத் தூக்கல. நானும்தான். அதுக்கப்புறம் அவர் வரல. அவர் இடத்துல உட்கார்ந்தது யாருன்னு நெனைக்கிறீங்க? இதே தாமோதரன்தான்.

அந்தப் பிளாட்பாரத்துல நான் நிக்க மாட்டேன் சார். ஜூன் ஒண்ணாந்தேதி வழக்கம்போல சாப்பாடு கட்டித் தரச் சொன்னேன். வீட்டுக்காரி ஒரு நிமிஷம் என் மூஞ்சியப் பார்த்தா. அப்புறம் தயிர் சாதத்தைக் கட்டிக் குடுத்தா. அவளுக்கும் நான் வீட்ல உட்கார்ந்தா உயிரை எடுப்பேன்னு தெரியும். அன்னைக்குலேர்ந்து தினமும் போறேன். சென்ட்ரல்ல இறங்கி நடந்து எழும்பூர் லைப்ரரிக்குப் போவேன். பேப்பர் எல்லாம் படிப்பேன். மதியம் ஒரு மரத்தடியில சாப்பாடு. சாயங்காலம் அஞ்சே முக்கால் வண்டியில நாலு பேரும் ஒண்ணாத் திரும்பிடுவோம். ஒரு தப்பும் இல்லையே சார், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லையே.

ஆனா பாருங்க, வேலை இல்லாம ஊர் சுத்த ஆரம்பிச்சப்புறம்தான் கண்ணு திறந்தது. முன்னல்லாம் என் ஆபீஸ் கவலையே எனக்குப் பெருசா இருந்தது, எதிர்ல இருக்கிறவனைப் பார்த்தது கிடையாது. இப்ப பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க ஒண்ணும் சரியில்ல.

தாமோதரனோட நகத்துல எப்பவும் மை இருக்கும். இருபது வருஷமா பார்க்கிறேன், பொண்ணு கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுக்கும்போதுகூட மை இருந்தது. ஜூலை மாசத்துலேர்ந்து நகம் பளிச்சுன்னு இருக்கு. எங்கயோ மரியாதைப்பட்ட இடத்துக்குப் போறான், கையைக் கழுவிக்கிட்டுப் போறான்.

கௌஸ் பாய்க்கு ஒரு மேனேஜர் உண்டு. தினம் ஒரு சண்டை, தினம் ஒரு கதை. நடிச்சே காட்டுவாரு, வயிறு வலிக்கச் சிரிப்போம். இப்ப சொல்ற கதையெல்லாம் போன வருஷம் சொன்னது. அதே வார்த்தை, அதே இடத்துல ஒரு இருமல். புதுக் கதைய எல்லாம் வேற யாருக்கோ சொல்லிட்டு, பழசை எனக்குப் போடுறாரு. எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனைப்பு.

ஞானம் சென்ட்ரல் வந்தா வண்டி நிக்கிறதுக்கு முன்னாலயே குதிச்சு ஓடுவாரு. கடைக்கார முதலாளி வாசல்லயே கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பானாம். இப்ப என்ன பண்றாரு தெரியுமா? பிளாட்பாரத்துல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுறாரு. நாங்க போற வரைக்கும் கட்டுறாரு. "நீங்க போங்க சார், நான் வர்றேன்." தாமோதரன், "நீங்க முன்னால போங்க சார், எனக்கு ஒரு போன் பண்ணணும்." பாய், "நீங்க நடங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்." நானும் போக முடியாதே, ஆபீசுக்குப் போகாம நான் எழும்பூர்ப் பக்கம் திரும்புறதைப் பார்த்துட்டா? அதனால நானும், "நீங்க போங்கப்பா"ன்னுவேன். நாலு பேரும் ஸ்டேஷன் கேட் வாசல்ல நின்னு ஒருத்தர ஒருத்தர் வழியனுப்பிக்கிட்டிருப்போம். ஒருநாள் இருபது நிமிஷம் நின்னோம் சார். டிக்கெட் பரிசோதகர் வந்து, என்ன விஷயம்னு கேட்டுட்டாரு.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. மூணு பேரும் எங்கயோ சேர்றாங்க. என்னைத் தள்ளிவிட்டுட்டு எங்கயோ ஒண்ணாப் போறாங்க. எனக்கு இடம் போடுற வேலை மட்டும்.

கடம்பத்தூர். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா? குரல் கேக்க மாட்டேங்குது.

சரின்னு பின்தொடர ஆரம்பிச்சேன். எனக்கென்ன, வேலையா வெட்டியா. முதல்ல தாமோதரன். அச்சாபீஸ் பாரிமுனையில, அவன் நேர் எதிர்ப்பக்கம் போறான். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல ஒரு பார்க் இருக்கு, உள்ள போய் பெஞ்சுல உட்கார்ந்தான். நான் ஒரு தூணுக்குப் பின்னால நின்னேன். மத்த ரெண்டு பேரும் இப்ப வருவாங்க, இப்ப வருவாங்கன்னு பார்க்கிறேன். பதினோரு மணிக்கே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். மிச்சத்தைக் காக்காய்க்குப் போட்டான். பேப்பரை விரிச்சான், மடிச்சான், திருப்பி விரிச்சான். மூணு மணி நேரம் சார், எனக்குக் கால் கடுத்துப் போச்சு. யாரும் வரல. என்னைக் கண்டுபிடிச்சிட்டான் போல, போன்ல சேதி சொல்லி அவங்களை வர வேணாம்னு நிறுத்திட்டான்.

மறுநாள் ஞானம். பாரிமுனைப் பக்கம்தான் போனாரு, ஆனா ஹார்டுவேர் கடைக்கு இல்ல. அந்தக் கடை இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை போர்டு தொங்குது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னுட்டு, அங்க ஒரு சர்ச்சுக்குள்ள போயிட்டாரு. கடைசி பெஞ்சுல உட்கார்ந்து ஜபம் பண்ணாரு, அப்புறம் தூங்கிட்டாரு. சர்ச்சுல வச்சுக் கூடிப் பேசுவாங்க போலன்னு காத்திருந்தேன். ஆனா அங்கயும் யாரும் வரல. கடை மூடின விஷயத்தை எங்கிட்ட சொன்னாரா பாருங்க. எவ்வளவு பெரிய விஷயம்! வாயே திறக்கல. கூட இருக்கிறவங்ககிட்ட இப்படியா மறைக்கிறது?

மூணாவதுதான் சார் கேவலம். பாயை நான் பின்தொடரவே வேண்டியதில்லாமப் போச்சு. நான் லைப்ரரியில உட்கார்ந்து படிச்சிக்கிட்டிருக்கேன், வாசல்ல பாய் நிக்கிறாரு! சட்டுனு பேப்பரை மூஞ்சிக்கு நேரா தூக்கிட்டேன். நாலு மேசை தள்ளி உட்கார்ந்தாரு. அவரும் பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிட்டாரு. ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தோம். மறுநாளும் வந்தாரு. பெரியமேட்டுல தோல் கம்பெனியில இருக்க வேண்டிய மனுஷனுக்கு லைப்ரரியில என்ன வேலை? என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்காங்க சார். வேற என்ன?

அன்னைக்கு சாயங்காலம் வண்டியில, "என்ன பாய், ஆபீஸ்ல இன்னைக்கு எப்படி?"ன்னேன். "மேனேஜர் உயிரை எடுத்துட்டான் சார்"னு அதே கதைய ஆரம்பிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

இன்னொண்ணு சொல்லிடுறேன். போன வாரம் தாமோதரன் மெதுவா கேட்டான், "சார், உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?" "மூணு வருஷம்"னேன். அப்பாடான்னு மூச்சு விட்டான் சார். மூஞ்சியெல்லாம் வெளிச்சம். "அப்ப இன்னும் மூணு வருஷம் வண்டி ஓடும்"னான். வீட்டுக்காரிகிட்ட இதைச் சொல்லி, என்ன அர்த்தம்னு கேட்டேன். அவ அடுப்பை அணைச்சிட்டு வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு நிஜமாவே புரியலையா?"ன்னா. புரியாம என்ன, மூணு வருஷத்துக்கு இடம் போட ஆள் கெடைச்சாச்சுன்னு அர்த்தம். அவ தலையில அடிச்சிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல சார். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுகையே வந்துடுச்சு. ஆபீஸை விட்டு வந்தப்போகூட நான் அழல.

அதனாலதான் இன்னைக்கு நாள் பார்த்திருக்கேன். நாளைக்கு ஆயுத பூஜை, லீவு. அதனால இன்னைக்கே பெட்டியில பூஜை. பாருங்க, அந்தப் பக்கம் எல்லாம் காகிதத் தோரணம், பலூன். சீசன் டிக்கெட்காரங்க எல்லா வருஷமும் செய்யறதுதான். எங்க நாலு பேருக்கு ஒரு தட்டு. அதுல அவங்கவங்க வேலைக்கான ஆயுதத்தை வைக்கணும். தாமோதரன் அச்சாபீஸ் இரும்பு ஸ்கேல் வைப்பான். பாய் தோலோட கனம் பார்க்கிற சின்னக் கருவி ஒண்ணு கொண்டுவருவாரு, பொரியும் அவர்தான் வாங்குவாரு. ஞானம் கால்குலேட்டர். நான் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப். இன்னைக்கு மூணு பேரும் என்ன வைக்கிறாங்கன்னு பார்க்கப் போறேன். வேலையை விட்டுட்டு எங்கயோ கூடுறவன் ஸ்கேலுக்கு எங்க போவான்? அப்ப பிடிச்சிக்குவேன்.

என் ஸ்டாம்ப்பா? அதை மே மாசமே ஒப்படைச்சிட்டேன். புதுசா ஒண்ணு செய்யலாம்னு கடை வரைக்கும் போனேன், போலி சீல் வச்சிருந்தா போலீஸ் கேஸாயிடும்னு திரும்பிட்டேன். லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டேன்னு சொல்லிக்க வேண்டியதுதான்.

திருவள்ளூர். சார், நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க.

வாப்பா தாமோதரா. மாலை நல்லா இருக்கே. கொண்டா, சாமி படத்துக்குப் போடலாம். ஸ்கேல் எங்க? அச்சாபீஸ்லயே வச்சிட்டியா? பரவால்ல, பரவால்ல. தோரணத்தை அந்தக் கம்பியில கட்டு போ.

கேட்டீங்களா சார்? மறந்துட்டானாம். இருபது வருஷம் மறக்காதவன்.

அவன் அங்கயே கட்டிக்கிட்டிருக்கட்டும். நல்லா பாருங்க, நகத்தைப் பாருங்க.

திருநின்றவூர். வாங்க பாய், பொரி வாங்கிட்டீங்களா? சந்தோஷம். இந்தாங்க, உங்க இடம். ஆமா, அந்தக் கருவி? மேனேஜர் பூட்டி வச்சிட்டுப் போயிட்டானா? அடப்பாவி. அவனுக்கு உங்க மேல எப்பவும் ஒரு கண்ணு.

ரெண்டு, சார். ரெண்டு ஆச்சு.

ஆவடி. ஏறுங்க ஞானம், ஏறுங்க, கூட்டம் தள்ளுது. கால்குலேட்டர்? பேட்டரி போயிடுச்சா. சரிதான். என் ஸ்டாம்ப்பா? லாக்கர்ல மாட்டிக்கிச்சு ஞானம். சாவி வேற ஆள்கிட்ட இருக்கு.

சார், கிட்ட வாங்க. மெதுவா சொல்றேன். அவங்க முகத்தைப் பார்த்தீங்களா, நான் லாக்கர்னு சொன்னப்போ? யாரும் என்னைக் கேள்வி கேக்கல. வழக்கமா தாமோதரன் கிண்டல் பண்ணுவான். இன்னைக்கு மூணு பேரும் தட்டையே பார்க்கிறாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க ஸ்பானர், டேப், லேப்டாப் எல்லாம் வச்சாச்சு. எங்க தட்டுல நாலு பூவும் குங்குமமும்தான் இருக்கு. வெறும் தட்டு.

என்ன ஞானம்? ஆமா, காலியா வைக்கக் கூடாதுதான். என்ன வைக்கிறது?

சார். சார், பார்த்தீங்களா? சட்டைப் பையிலேர்ந்து சீசன் டிக்கெட்டை எடுத்து வச்சாரு. பாய் பாருங்க, அவரும் எடுக்கிறாரு. தாமோதரனும். சொல்லி வச்ச மாதிரி மூணும் சீசன் டிக்கெட். நான் சொன்னேனா இல்லையா? முன்னாலயே கூடிப் பேசியிருக்காங்க, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லல!

ஆனா சார், தேதியைப் பாருங்க. மூணும் புதுசு. நேத்து ஒண்ணு, முந்தாநேத்து ரெண்டு. மூணு மாசத்துக்கு எடுத்திருக்காங்க. என்னைக் கழட்டிவிட நெனைக்கிறவங்க எதுக்கு மூணு மாசத்துக்கு எடுக்கணும்? அந்தக் கடை மூடியாச்சு, ஞானத்துக்கு இந்த வண்டி எதுக்கு? வேலை இல்லாதவன் எவனாவது தினமும் ரயிலேறுறதுக்கு சீசன் எடுப்பானா சார்?

நான் எடுத்திருக்கேன். அது வேற.

இருப்பா தாமோதரா, வைக்கிறேன். பையில எங்கயோ இருக்கு. இந்தா. என்னோடதும்தான். மூணு மாசம்தான்.

பேசின் பிரிட்ஜ் தாண்டியாச்சு. சென்ட்ரல் வந்துடுச்சு. பொரியை எடுத்துக்குங்க சார், கொஞ்சம் எடுத்துக்குங்க. எல்லாரும் இறங்குறாங்க பாருங்க.

ஞானம் குனியல. லேஸ் அவிழ்ந்துதான் இருக்கு, கட்டல. தாமோதரன் போனை எடுக்கல. யாரும் "நீங்க முன்னால போங்க"ன்னு சொல்லல. பெட்டியே காலியாயிடுச்சு, யாரும் எந்திரிக்கல.

என்ன பாய்? எனக்கா? இல்ல பாய், எனக்கு லேட் ஒண்ணும் ஆகல. உங்களுக்கு?

உங்களுக்கும் இல்லையா.

தாமோதரா, உனக்கு?

இதே வண்டி ஒன்பது பத்துக்குத் திரும்ப அரக்கோணம் போகும். இப்ப கூட்டமே இருக்காது. கர்ச்சீப் போட வேண்டியதில்ல.

நீங்க இறங்குங்க சார். உங்களுக்கு ஆபீசுக்கு நேரமாகுது.